முதலில் நுழைந்தவன்

சங்கவியின் அண்ணன் பூபதி உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை. காலையில் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் பக்கத்து வீட்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்திருப்பான். நாற்காலி மட்டும் ஹாலிலேயே இருக்கும். பக்கத்து வீட்டு கமலவேணி காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, பூபதி எங்கள் பக்கம் வந்துவிட்டான் என்று தகவல் சொல்வார். அம்மா சாப்பாட்டுத் தட்டைச் சுவர் வழியாக அந்தப் பக்கம் கொடுப்பாள். நடுவில் இருக்கும் சுவர்கள் அவனைத் தடுத்ததில்லை. ஒரே ஒருமுறை சட்டைப் பையிலிருந்த பேனா சுவருக்குள் நின்றுவிட்டது. அதை இன்னும் எடுக்க முடியவில்லை.

நடந்தால் போகவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்விடுவான். சும்மா இருந்தால்தான் சிக்கல். வண்டியில் ஏறினால் அதைவிடச் சிக்கல். டிப்ளமோ முடித்ததிலிருந்து இன்டர்வியூவுக்காக அவன் ஏறிய பஸ்கள் எல்லாம் அவனை விட்டுவிட்டுப் போயின. ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்வான். டிரைவர் வண்டியை எடுப்பார். சீட்டும் ஜன்னலும் பஸ்ஸும் போய்விடும். பூபதி சர்டிபிகேட் பையை மடியில் வைத்தபடி, உட்கார்ந்த கோலத்தில், பஸ் ஸ்டாண்டிலேயே இருப்பான். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார்.

அப்பா சென்னியப்பனுக்கு இது பெரிய தலைகுனிவு. அவர் காந்திபுரத்துக்கும் ஒண்டிப்புதூருக்கும் நடுவே ஓடுகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய பஸ்ஸிலேயே பூபதி ஒருநாள் ஏறினான். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டு வரை போய்த் திரும்பினால் ஆளைக் காணோம். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டான் என்றே அவர் முடிவு கட்டினார். டிரைவர் முன்னால் மானம் போயிற்று. அன்றிலிருந்து மகனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சொல்லவேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். "ஒரு எடத்துல நிக்கத் துப்பில்ல" என்பதுதான் அவர் அதிகம் சொன்னது. பூபதி பதில் பேசமாட்டான், பேசலாம் என்று வாயெடுக்கும்போது பெரும்பாலும் கமலவேணி வீட்டில் இருப்பான்.

ஒரு கால்கட்டுப் போட்டால் நின்றுவிடுவான் என்று மாமா யோசனை சொன்னார். பெண் பார்க்கப் போன காரும் அவனை விட்டுவிட்டுப் போனது. போனவர்கள் பெண்ணைப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பெண் நல்ல லட்சணம் என்று வாசலில் நின்றிருந்த பூபதியிடமே சொன்னார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஓசூரில் ஒரு தொழிற்சாலை போனிலேயே இன்டர்வியூ வைத்து அவனை எடுத்துக்கொண்டது. வருகிற திங்கட்கிழமை நேரில் வந்து சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொன்னார்கள். பூபதி சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். ஓசூருக்கு நடந்தே போனால் எப்போது போய்ச் சேரலாம் என்று அன்று முழுதும் யோசித்தான். சங்கவிக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சங்கவி பொருள் வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு மாணவி. கம்ப்யூட்டரில் பொருள்களை முழு உருவமாக வரைந்து செய்கிற பாடத்தில் முதலிரண்டு ஆண்டுகள் டம்ளர், மிக்ஸி ஜார், ஸ்டூல் என்று போகும். மூன்றாம் ஆண்டில் மேல்நிலைப் பாடம். அதில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டையே பைலாகக் கொண்டுவந்து, அதிலுள்ள அத்தனை பொருள்களையும் ஒன்றோடொன்று சரியாக இணைத்துக் காட்ட வேண்டும். இணைத்துச் சேமித்ததும் வீட்டிலும் அது அப்படியே ஆகிவிடும். அதற்குத்தானே படிக்கிறார்கள்.

பாடம் நடத்துகிற டெய்சி மேடம் அதிகம் பேசமாட்டார். எந்தப் பொருளும் மூன்று பக்கம் நகரும், மூன்று விதமாகத் திரும்பும், வேண்டாததை அடைத்துவிட்டு வேண்டியதை மட்டும் விடுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதோடு சரி. பரீட்சையன்று ஒவ்வொரு பொருளாக மவுஸால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கதவு கீலில் திரும்பலாம், மேஜை டிராயர் முன்னே வரலாம். மற்றபடி எது அசைந்தாலும் மார்க் போய்விடும்.

சங்கவிக்கு இந்தப் பாடம் உயிர். ஒரு பொருள் ஏன் நிற்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஊறுகாய் ஜாடி மூடிக்குத் திருகும் வழியை மட்டும் விட்டு இணைத்தாள். சாமி படங்களை ஆணியோடு இணைத்தாள். ஹால் நாற்காலியின் நான்கு கால்களையும் தரையோடு இணைத்தபோது அம்மாவால் நாற்காலியைத் தள்ளிக் கூட்ட முடியவில்லை. ஃப்ரிட்ஜ் கதவுக்குக் கீல் விட மறந்துவிட்டாள். அது திறக்கவே இல்லை, அன்றைக்கு எல்லோரும் கடுங்காபிதான் குடித்தார்கள். அம்மா ருக்குமணி வாய்க்கு வந்தபடி திட்டினாள், ஆனால் மகள் படிக்கிறாள் என்பதில் அவளுக்குப் பெருமைதான்.

வியாழக்கிழமை லேபில் அண்ணனை நாற்காலியோடு இணைக்கலாமா என்று பார்த்தாள். இணைத்துவிட்டால் அவன் நாற்காலியோடு இருப்பான். பிறகு நாற்காலியை பஸ் சீட்டோடு இணைக்கலாம், ஓசூர் வரை கவலையில்லை. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். ஆனால் பூபதியின் முதுகையும் நாற்காலியின் முதுகையும் தொட்டு இணைப்பு கொடுத்ததும், அண்ணன் நாற்காலிக்கு வரவில்லை, நாற்காலி அண்ணனிடம் போனது. நாற்காலியோடு தரை போனது. தரையோடு வீடும், வீட்டோடு தெருவும் போயின. அம்மா போன் செய்து, சாம்பார் கவிழ்ந்துவிட்டது, லேபில் என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டாள்.

சங்கவி இணைப்பை எடுத்துவிட்டு அண்ணனை மவுஸால் பிடித்து இழுத்தாள். துளி அசையவில்லை. திரையில் வீட்டைச் சுற்றி ஊரும் இருந்ததால் சிங்காநல்லூர் சிக்னலைப் பிடித்து இழுத்தாள். அது வந்தது, ஊரும் கூடவே வந்தது. மறுபடி அண்ணனை இழுத்தாள். மலை மாதிரி நின்றான்.

திரையின் ஓரத்தில் வீட்டிலுள்ள பொருள்களின் பெயர்கள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். எது முதலில் வந்ததோ அது உச்சியில் இருக்கும். முதலில் வந்ததை அந்த மென்பொருள் தானாகவே நிலைநிறுத்திவிடும், பிறகு வருகிற எல்லாம் மிதந்துகொண்டிருக்கும் என்பது முதல் வகுப்பிலேயே சொன்ன விஷயம். சங்கவி இதுவரை உச்சி வரை போய்ப் பார்த்ததில்லை. இப்போது போனாள். உச்சியில் "பூபதி" என்று இருந்தது. பக்கத்தில் நிலைத்தது என்பதற்கான சின்னக் குறி.

பக்கத்துத் திரையில் வகுப்புத் தோழி சலோமியின் வீடு இருந்தது. அவள் பைலின் உச்சியில் இருந்தது ஒரு பால் பாத்திரம். புதுவீட்டில் பால் காய்ச்சியபோது முதலில் உள்ளே வந்தது அதுதான், அதனால் அதை அவர்கள் வீட்டில் யாரும் அடுப்பிலிருந்து இறக்குவதில்லை என்று சலோமி சொன்னாள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு உச்சியில் மாடு இருந்தது. கிரகப்பிரவேசத்தில் மாடுதானே முதலில் நுழையும். கோயம்புத்தூர்ச் சாலைகளில் படுத்திருக்கும் மாடுகள் எத்தனை ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காததும் இதனால்தான். அவை எழுந்தால் யாருடைய வீடோ நகர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கிரகப்பிரவேசத்தைப் பற்றிக் கேட்டாள். அன்று மாடு வாசலில் நின்று சண்டித்தனம் செய்தது என்றாள் அம்மா. தரை ஈரமாக இருந்ததால் காலை வைக்கவே மாட்டேன் என்றது. வாழைப்பழம் காட்டினார்கள், வாலை முறுக்கினார்கள், ஐயர் நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். அந்த நேரத்தில் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பூபதி மாட்டின் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போய் ஹால் நடுவில் நின்றுகொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் மாடு வந்தது. அம்மா இதைச் சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தாள்.

சங்கவிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக அண்ணன் நகரவே இல்லை. அவன் நடந்தபோதெல்லாம் காலடியில் ஊர்தான் பின்னால் போயிருக்கிறது. கிரைண்டர் ஓடும் அதிர்விலும் லாரி போகும் அதிர்விலும் வீடுதான் கொஞ்சம் கொஞ்சமாக அவனை விட்டு நழுவியிருக்கிறது. ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறான் என்று எல்லோரிடமும் பேச்சு வாங்கியவன்தான் இந்த ஊரிலேயே ஒரு இடத்தில் நின்றவன்.

சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னாள். பூபதி தலையாட்டிவிட்டு ரசம் கேட்டான். அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்ப நானு இத்தன வருசமா இவனெச் சுத்தீட்டா இருந்தேன்?" என்று கேட்டார். சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

மறுநாள் டெய்சி மேடத்திடம் வழி கேட்டாள். முதல் யோசனை, ஓசூரை இங்கே கொண்டுவந்து அண்ணன் பக்கத்தில் நிறுத்திவிடுவது. மேடம் பைலை நீலாம்பூர் வரை ஓட்டிக் காட்டினார். அதற்கப்பால் வெறும் சாம்பல் நிறம். மாணவர்களுக்குக் கொடுக்கிற பதிப்பில் நகர எல்லை வரைதான் உண்டு, ஓசூர் வேண்டுமென்றால் பணம் கட்டி வாங்க வேண்டும் என்றார். ஆகவே அண்ணனை அவிழ்த்துவிடுவது ஒன்றே வழி. ஆனால் எதுவுமே நிலைக்காத பைலைப் பரீட்சையில் ஏற்கமாட்டார்கள், அதில் இருக்கும் வீட்டுக்கும் உத்தரவாதமில்லை. போன வருஷம் ஒரு மாணவன் அப்படி அவிழ்த்துவிட்டான். அவன் வீடு இப்போது கிணத்துக்கடவுப் பக்கம் இருக்கிறது, கடைசியாகப் பார்த்தவர்கள் தெற்கே போவதாகச் சொன்னார்கள். முதலில் வேறொன்றை நிலைநிறுத்து, பிறகு இவனை அவிழ், வரிசை மாறிவிடக் கூடாது என்று சொல்லி, மேடம் தன் லேப்டாப்பையே கொடுத்து அனுப்பினார்.

வீட்டிலேயே கனமானது கிரைண்டர், எனவே சனிக்கிழமை அதை நிலைநிறுத்திப் பார்த்தார்கள். அண்ணனை அவிழ்க்கும் முன் சோதித்துப் பார்க்கலாம் என்று அம்மா அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். கல் அப்படியே நின்றது. வீடு சுற்ற ஆரம்பித்தது. அம்மா கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். பால்காரர் வாசலில் நின்று, கதவு சுற்றி வரும்போதெல்லாம் ஒரு பாக்கெட்டாக உள்ளே கொடுத்தார். மாவு நன்றாகத்தான் அரைந்தது. ஆனால் தினமும் இப்படி ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மாவை நிறுத்தலாமென்றால் அவளுக்கு ஈரோட்டில் தங்கை வீட்டுக் கல்யாணம் இருந்தது. சங்கவி தன்னையே நிறுத்திக்கொள்வதாகச் சொன்னாள். அவளுக்கு அதில் கொஞ்சம் ஆசையும் இருந்தது, நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாமே. பூபதி அவ்வளவாகக் குரலுயர்த்துகிறவன் இல்லை. அன்று உயர்த்தினான். படிப்பு முடிந்து அவள் எங்கெங்கோ போகவேண்டியவள், அப்படியானால் எனக்கு ஓசூரே வேண்டாம் என்றான். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

அப்பா டூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"என்னெயப் போடு அம்மிணி" என்றார். "நா எங்க போகப் போறேன்? காந்திபுரம், ஒண்டிப்புதூரு. அதுக்கு அக்கட்ட நா போனதே இல்லியே."

பஸ் அவரை விட்டுப் போய்விடுமே என்றாள் அம்மா. சங்கவி யோசித்துப் பார்த்தாள். பஸ்ஸை அப்பாவின் செருப்போடு இணைத்துவிட்டால் பஸ்ஸும் அவரோடு நின்றுவிடும், டிரைவர் வண்டியை எடுத்தால் சாலை அடியில் ஓடும். அவருடைய தடம் முழுவதும் நகர எல்லைக்குள் இருப்பதால் மாணவர் பதிப்பே போதும். பயணிகளுக்கு வித்தியாசம் எதுவும் தெரியப்போவதில்லை. அப்பாவும் எப்போதும்போல, சிங்காநல்லூர் வந்துருச்சு, ஹோப் காலேஜ் வந்துருச்சு என்றே கூவிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாடு முடிந்ததும் ஹாலில் லேப்டாப்பைத் திறந்தாள். கிரைண்டரை அவிழ்த்தாள். அப்பாவைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தினாள். அண்ணனை அவிழ்க்கக் கட்டளை கொடுத்தாள். பெரிய பைல் என்பதால், ஊர் முழுவதையும் மறுபடி கட்டி முடிக்க நேரமாகும் என்று திரை சொன்னது. லேப்டாப்பின் விசிறி இரைந்தது, பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அது முடியும்வரை அப்பா, மகன் இரண்டு பேருமே நிலைத்தவர்கள்.

அப்பா ஒரு பக்கமும் பூபதி எதிர்ப்பக்கமும் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு கைக்கு எட்டாத தூரம். அப்பா எழுந்து மகனை நோக்கி நடந்தார். தரை பின்னால் போனது, சுவர்களும் பின்னால் போயின, டிவி போனது, தூரம் மட்டும் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தார். கமலவேணி வீட்டுத் துளசிச் செடி இருவருக்கும் நடுவில் வந்தது. திரும்ப நடந்து அதை அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போது பார்ப்பதற்கு எதிரே சுவர் இல்லை, மகன்தான் இருந்தான்.

"பஸ்ஸுல இருந்து நீ குதிச்சு எறங்கீட்டீன்னு நெனச்சனப்பா" என்றார்.

"நா எறங்குலீங்கப்பா. பஸ்ஸு போயிருச்சு."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லோணும்னு ஓடியாந்தனுங்கப்பா. நீங்க ரைட் குடுத்துட்டீங்க."

அப்பா கையை நீட்டினார். எட்டவில்லை. நீட்டிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டார். சங்கவி திரையைப் பார்ப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்தாள். அம்மா இருவருக்கும் தனித்தனியாக மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சைக் கோடு முடிந்தபோது பூபதி சோம்பல் முறித்தான். முறித்ததில் பாய் கொஞ்சம் நகர்ந்தது, அவனும் பாயோடு நகர்ந்தான். அம்மா அவனை எழுப்பித் துணி மடித்துவைக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை காந்திபுரத்தில் ஓசூர் பஸ் நின்றிருந்தது. அப்பாவின் டவுன் பஸ்ஸும் பக்கத்தில் நின்றது, அவர் படிக்கட்டில் நின்றார். இனி அவர் யாரிடமும் போக முடியாது, வருகிறவர்கள்தான் வர வேண்டும். பூபதி பெட்டியோடு அவரிடம் வந்தான். கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்காமல், இன்னும் ஓரடி பக்கத்தில் வந்தே நின்றான். அப்பா அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார். "சாப்பாடு பாத்துச் சாப்புடு" என்றார். பிறகு விசில் ஊதினார்.

ஓசூர் பஸ் கிளம்பியது. பூபதி முன்சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். பஸ் போனது, அவனும் போனான். சங்கவி பஸ் மறையும்வரை பார்த்தாள்.

பரீட்சையில் டெய்சி மேடம் மவுஸைப் பிடித்து வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் இழுத்தார். கதவுகள் திரும்பின, ஃப்ரிட்ஜ் திறந்தது, நாற்காலி அசையவில்லை. சென்னியப்பனைப் பிடித்து இழுத்தார். அவர் கையில் டிக்கெட் கட்டோடு அசையாமல் நின்றார். மேடம் முழு மார்க் போட்டுவிட்டு, உன் அப்பாவுக்குக் கால் வலிக்குமே, ஒரு சீட்டு கொடு என்றார். சங்கவி கொடுத்தாள்.

பூபதி ஓசூரிலிருந்து பேசினான். வாடகை அறையில் முதலில் தான் நுழையாமல் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டதாகச் சொன்னான். இப்போது பெட்டியைத் திறக்கலாம், தூக்கத்தான் முடியாது. வேலை பிடித்திருக்கிறது. காலையில் எழுந்தால் படுத்த இடத்திலேயே இருக்கிறேன், முதலிரண்டு நாள் அதுதான் ஒருமாதிரி இருந்தது என்றான்.

இப்போதெல்லாம் டூட்டி முடிந்ததும் அப்பா செருப்பை பஸ்ஸிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கி, டெப்போவில் டீ குடித்து அப்படியே நின்றுகொள்வார். காலெல்லாம் அசந்து போயிருக்கும், நடந்து ஊரைத் தள்ள முடியாது. சங்கவி ஹாலில் லேப்டாப்பைத் திறந்து, சிங்காநல்லூர் சிக்னலைப் பிடித்து மெல்ல இழுப்பாள். ரசம் கவிழாமல் இழுக்க அவள் பழகிவிட்டாள். டெப்போ அவரை விட்டு விலகும், தெருக்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடக்கும், கடைசியில் வாசல்படி அவர் காலடியில் வந்து நிற்கும்.

நேற்று வீடு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஒண்டிப்புதூர் திருப்பத்தில் ஒரு மாடு படுத்திருந்தது. அது யாருடைய வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ. அப்பா அங்கேயே நின்று காத்திருந்தார், அம்மா அடுப்பைச் சிறுதீயில் வைத்தாள், சங்கவி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அது தானாக எழும்வரை உட்கார்ந்திருந்தாள்.